விரல் ரேகை

நூறு நொடி நின்றவை
நாற்பதில் போய்விடுகின்றன.

ஹெலெத் எதுவும் சொல்லவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள்.
சரிந்து இறங்கும் கோடு, நனைந்த ஓட்டுக்கூரை போல.
ஸ்வான்சீயில் எல்லாமே நனைந்தவைதான்,
இந்தப் பொறியின் உட்புறம் தவிர.
அங்கே மழை இல்லை, காற்றும் இல்லை.
இருக்கக் கூடாது.

ஒரு சிட்டிகையிலும் சிறிய சோடியம்
ஈயச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து
ஓயாமல் ஈன்று தள்ளுகிறது பாசிட்ரான்களை.
பிறந்த வேகத்தில் எவராலும் பிடிக்க முடியாது.
உறைந்த நியானின் மெல்லிய பனியில்
முட்டி மோதித் தளர்ந்து வெளிவருபவை
ஆயிரத்துக்கு ஐந்தோ ஆறோ.
அவற்றின் வழியில் கொஞ்சம் நைட்ரஜன் தூவுகிறோம்,
இடறி விழ.
விழுந்ததும் அந்த நைட்ரஜனையே உறிஞ்சி வெளியேற்றுகிறோம்.
உதவிக்கு வந்தவன் அதிக நேரம் நின்றால்
அவனே எமன்.

பிறகு, பக்கத்துக்குக் காந்தம்,
முன்னும் பின்னும் மின்னழுத்தம்.
நடுவில் அந்தரத்தில் சுழல்கிறது ஒரு மேகம்,
எந்தச் சுவர் மேலும் சாயாமல்.

நிதிக்குழுவிலிருந்து வந்த பிரிட்சார்ட் அம்மையார்
குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்:
"இப்போது உள்ளே எத்தனை?"
"திறந்து விட்டால் தெரியும்."
"திறந்தால்?"
"ஒன்றும் மிஞ்சாது."
அவர் எதையோ நீளமாகக் குறித்துக்கொண்டார்.

சோடியமும் வயதாகிக்கொண்டிருக்கிறது.
இரண்டு ஆண்டு ஏழு மாதத்தில் பாதி.
புதியதற்கு அனுப்பிய விண்ணப்பம்
எந்த மேசையில் கிடக்கிறதோ.
வரவு குறைந்த வீட்டில்
ஓட்டைப் பானையை யார் பொறுப்பார்?

கெத்தின் ஒவ்வொரு மூட்டிலும் ஹீலியம் அடித்துப் பார்த்தான்.
கசிவில்லை.
பம்பைப் பிரித்தான், பூட்டினான்.
மின்சாரத்தைக் குறை சொன்னான், ஜனவரியைக் குறை சொன்னான்.
நான் திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றை.

நவம்பரில் ஒரு மாலை.
மூன்றாவது மின்முனை, தங்க முலாம் பூசியது.
கையுறை நுனியில் கிழிந்திருந்தது, தெரியும்.
ஒரு திருகு நழுவப் பார்த்தது.
உள்ளே விழுந்தால் மூன்று வார வேலை.
ஆள்காட்டி விரலால் தாங்கினேன்.
அரை நொடி.
அன்று மதியம் பென்க்ளாவ்த் சிப்பிக்கறி தின்றிருந்தேன்,
வினிகர் ஊற்றி, கையால்.
சாராயம் நனைத்த துணியால் துடைத்தேன்.
போய்விட்டது என்று நினைத்தேன்.
நினைக்க விரும்பினேன்.

என் எண்ணெய், என் உப்பு, என் ஈரம்.
ஒரு துளிகூட இல்லை.
துளியின் சுவடு
மூச்சு விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது அந்த இருட்டில்,
இரவும் பகலும், மெல்ல.
ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பாசிட்ரான்
தன் எதிரியைக் கண்டு கட்டிக்கொண்டு
இரண்டு பொறி ஒளியாக எதிரெதிரே பறந்திருக்கிறது.
ஒன்று உணர்கருவியில் 'டிக்' என்று விழும்.
மற்றது, என் சாப்பாட்டுப் பெட்டியைத் துளைத்துக்கொண்டு
கடல் பக்கம்.

வியாழக்கிழமை சொன்னேன்.

ஹெலெத் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "எந்த விரல்?" என்றாள்.
நீட்டினேன். பார்த்தாள்,
கருவியைப் பார்க்கிற அதே கண்ணால்.
"ஊம்" என்றாள். கெட்டிலைப் போடப் போனாள்.

திறந்தோம். கழுவினோம்.
அலுமினியத் தாள் சுற்றி
கிறிஸ்துமஸ் வான்கோழி மாதிரி கிடத்தி
நூற்றைம்பது பாகையில் பன்னிரண்டு நாள் சுட்டோம்.
சூடு ஏற ஏற அளவுமானி எகிறியது.
உலோகம் எங்களையெல்லாம் வாந்தி எடுத்தது.
ஜன்னலுக்கு வெளியே கடல் வற்றி விலகி
மைல் கணக்கில் சேறாகக் கிடந்தது,
திரும்பி வந்தது, மறுபடி போனது.
காலியாக இருப்பதற்கு அது ஒரு நாளும் கஷ்டப்பட்டதில்லை.

பதின்மூன்றாம் நாள் இரவு நிரப்பினோம்.
பிடித்து வைத்தோம். காத்திருந்தோம்.
திறந்துவிட்டோம்.
பாஸ்பர் திரையில் ஒரு பச்சைப் புள்ளி,
கண் சிமிட்டும் நேரம்.
அத்தனையும் போன பிறகுதான் எண் வந்தது.

தொண்ணூற்றொன்று.

நூறு இல்லை.
அந்த ஒன்பது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.
பதிவேட்டில், 'காரணம்' என்ற கட்டத்தில்,
ஹெலெத் சிறிய எழுத்தில் 'கை' என்று எழுதினாள்.
யார் கை என்று எழுதவில்லை.

இப்போது நான் இரண்டு கையுறை போடுகிறேன்.
கெத்தின் என்னைப் பார்த்துவிட்டு
மூன்று.